போன தடவையும் நீங்கதான் சார்

“போன தடவையும் நீங்கதான் சார் எடுத்தீங்க.”

இணைய நேர்காணல் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரையில் இருந்த இளைஞர் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். குற்றம் சொல்லும் தொனியெல்லாம் இல்லை. கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் “என்னைத் தெரியலையா?” என்று கேட்டுக்கொண்டே வருவாரே, அந்தச் சிரிப்பு. கல்யாண வீட்டில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். “ஆமா ஆமா, எப்படி இருக்கீங்க?” என்றேன். எனக்கு அவரைச் சுத்தமாக நினைவில்லை.

“அப்ப என்ன தப்பு பண்ணேன்னு சொன்னீங்கன்னா நல்லா இருக்கும் சார். ரெண்டரை வருஷமா யோசிச்சிட்டிருக்கேன்.”

வேண்டாம் என்று அனுப்பியவர்களிடம் காரணம் சொல்லக்கூடாது என்பது எங்கள் அலுவலக விதி. மென்பொருள் துறையில் இது பரவலான வழக்கம்தான். காரணம் என்று ஒன்றைச் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு வாதம் வரும், வக்கீல் நோட்டீஸ் வரும் என்ற பயம். “அந்த நேரத்துல நிறைய பேர் வந்திருந்தாங்க, போட்டி அதிகம்” என்றேன். “ஓகே சார்” என்றார். அதற்கு மேல் கேட்கக்கூடாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

நான் கொடுத்த கேள்வியை அவர் படித்துக்கொண்டிருந்த இரண்டு நிமிடத்தில், இன்னொரு ஜன்னலில் அவருடைய பழைய பதிவைத் திறந்தேன். (இந்த ‘இன்னொரு ஜன்னல்’ விவகாரத்துக்குப் பிறகு வருகிறேன்.) ஆளெடுப்பதற்கான மென்பொருட்கள் எதையும் மறப்பதில்லை. இரண்டே வரிதான் இருந்தது. “கம்யூனிகேஷன் ஆவரேஜ். நாட் எ செல்ஃப் ஸ்டார்ட்டர். நோ ஹயர்.” கீழே என் பெயர், தேதி, நேரம்.

செல்ஃப் ஸ்டார்ட்டர் இல்லை. அதாவது யாரும் சொல்லாமல் தானாக எதையும் தொடங்கி நடத்தக்கூடியவர் இல்லை. ஒரு மனிதரின் குணத்தைப் பற்றிய கூற்று அது. அவருடைய அப்பா அம்மாவே சொல்லத் தயங்கக்கூடிய ஒன்றை, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை 45 நிமிடம் பேசிவிட்டு நான் எழுதியிருக்கிறேன்.

வேலை ஒன்று, வந்தவர்கள் நாற்பது பேர் என்றால் முப்பத்தொன்பது பேரிடம் இல்லை என்றுதான் சொல்லியாக வேண்டும். அவர்களுக்கு வேலை தரும் கடமை யாருக்கும் இல்லை. ஆனால், இல்லை என்று சொன்னதோடு கணக்கு தீர்ந்துவிட்டதா? அன்றைக்கு அவர் கேட்டபிறகு அப்படித் தோன்றவில்லை. ஏதோ ஒரு பாக்கி இருக்கிறது. அது என்ன என்று யோசித்ததைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எட்டு வருடமாக நேர்காணல் எடுக்கிறேன். இருநூற்றுக்கும் மேல் இருக்கும். “அவருக்கு ஆளைப் பார்த்தாலே தெரிஞ்சுடும்” என்று எங்கள் டீமில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஆனால் இந்த அனுபவம் என்னவகை அனுபவம் என்று யோசித்தால் சங்கடமாக இருக்கிறது. சமையல்காரருக்குக் குழம்பில் உப்புக் கூடினால் பந்தியிலேயே தெரிந்துவிடும். மெக்கானிக் தப்பாக ரிப்பேர் செய்த வண்டி மறுநாளே தள்ளிக்கொண்டு வரப்படும். நேர்காணல் எடுப்பவருக்குப் பாதித் தவறுகள் மட்டும்தான் திரும்பி வரும். எடுத்த ஆள் சரியில்லை என்றால் ஆறு மாதத்தில் தெரியும். வேண்டாம் என்று அனுப்பியவர் வேறெங்கோ பிரமாதமாக வேலை செய்துகொண்டிருந்தால் அந்தச் செய்தி நம் காதுக்கு வராது. தவறுகளில் பாதி கண்ணுக்கே தெரியாத தொழிலில் வருடங்கள் கூடக்கூட வளர்வது என்ன? திறமையா, தன்னம்பிக்கை மட்டுமா?

இந்த இடத்தில் டேனியல் கானமனின் ஒரு கதை எனக்கு எப்போதும் உதவும். பின்னாளில், 2002இல் பொருளாதார நோபல் பரிசு வாங்கிய உளவியலாளர். 1955இல் அவருக்கு வயது 21, இஸ்ரேல் ராணுவத்தில் லெப்டினென்ட். புதிதாகச் சேரும் வீரர்களில் யாரை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் நேர்காணல் முறையைச் சீரமைக்கச் சொன்னார்கள். அதுவரை இருந்த முறை நமக்குப் பழக்கமானதுதான்: கால் மணி நேரம் பொதுவாகப் பேசுவது, ஆளைப் பற்றி ஒரு அபிப்பிராயத்துக்கு வருவது. அந்த அபிப்பிராயம், பிற்பாடு அவர் எப்படிப்பட்ட வீரராக இருந்தார் என்பதோடு அநேகமாகப் பொருந்தவே இல்லை என்று தெரிந்திருந்தது. கானமன் ஆறு குணங்களைப் பட்டியலிட்டார். ஒவ்வொன்றுக்கும் நடந்ததைப் பற்றிய கேள்விகள்: இதுவரை என்ன வேலை பார்த்தாய், எத்தனை நாள் தாமதமாகப் போனாய், நண்பர்களோடு எவ்வளவு பழகுவாய் என்பது மாதிரி. ஒன்றுக்கு மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகவேண்டும். ஒட்டுமொத்த அபிப்பிராயமே கூடாது.

நேர்காணல் எடுப்பவர்கள் கொதித்துப்போனார்கள். எங்களை எந்திரமாக்கப் பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள். சமாதானத்துக்காக கானமன் ஒன்றைச் சேர்த்தார். ஆறையும் முடித்தபிறகு கண்ணை மூடிக்கொண்டு, இவர் நல்ல வீரராக வருவாரா என்று மனதுக்குத் தோன்றுகிற ஒரு மதிப்பெண் போடுங்கள். சில மாதம் கழித்துச் சரிபார்த்தபோது புதிய முறை பழையதைவிட எவ்வளவோ மேல் என்று தெரிந்தது. அவருக்கே ஆச்சரியம், கண்ணை மூடிப் போட்ட மதிப்பெண்ணும் ஆறு மதிப்பெண்களின் கூட்டுத்தொகை அளவுக்கே பயன்பட்டது.

இதை ‘உள்ளுணர்வை நம்பாதே’ என்று வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. அதே ஆட்கள், அதே கண்கள். ஒழுங்காகப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் ஏதோ தெரிகிறது. பார்க்காமலே கண்ணை மூடினால் நம் முகம்தான் தெரிகிறது.

சரி, நம் யூகம் இவ்வளவு பலவீனமானது என்றால் எதற்கு இந்த நாடகம்? அடிப்படைத் தேர்வில் தேறியவர்கள் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டால் என்ன? இது விளையாட்டுப் பேச்சு இல்லை. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் தகுதி வரம்பைத் தாண்டிய மாணவர்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கலாம் என்று மைக்கேல் சாண்டல் 2020இல் எழுதினார். ஜெயித்தவருக்குத் தலைக்கனம் வராது, தோற்றவருக்குத் தலைகுனிவு வராது என்பது அவருடைய வாதம்.

நமக்கு இது புதிதில்லை என்று உடனே உத்திரமேரூரைச் சொல்லுவோம். நானும் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். முப்பது குடும்புகள், தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, எது யாருடையது என்று அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் செய்வார்கள். கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவுக்காரர்களுக்கும் இடமில்லை. கடந்த மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பது வியப்புதான். ஆனால் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின் முதல் பகுதியையும் படிக்கவேண்டும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் ஓதியிருக்கவேண்டும். அது ஒரு பிராமண ஊர்ச்சபை. அந்த நிலத்தில் உழுதவர்கள் யாரும் ஓலைக்கே வரவில்லை. சிறுவன் குடத்தில் கையை விடும் முன்பே முக்கியமான தேர்வு முடிந்துவிட்டது.

எங்கள் குடமும் அப்படித்தான். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், அரியர் இருக்கக்கூடாது, நடுவில் படிப்பை விட்ட வருடம் இருக்கக்கூடாது, இந்த இந்தக் கல்லூரிகள் மட்டும். இதை எழுதுபவர்கள் யார், எந்த மதியம் உட்கார்ந்து எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது. எழுதப்படாத நிபந்தனைகளும் உண்டு. 2007இல் ‘எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி’யில் இரண்டு ஆய்வுகள் வந்தன. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் ஒரே மாதிரித் தகுதியுள்ள விண்ணப்பங்களை வேறுவேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் மூன்றில் இரண்டு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒன்று. இன்னொரு ஆய்வில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் மனிதவள மேலாளர்களைச் சந்தித்துப் பேசினார்கள். சாதியெல்லாம் பார்ப்பதில்லை, தகுதி மட்டும்தான் என்று சொன்ன மேலாளர்கள், வேட்பாளரின் ‘குடும்பப் பின்னணி’யைக் கட்டாயம் கேட்போம் என்றும் சொன்னார்கள். இரண்டுக்கும் நடுவில் எந்த முரண்பாடும் அவர்களுக்குத் தெரியவில்லை.

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து விடச் சொன்னது. அதனால் தமிழ்நாட்டில் பெயரை வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆகவே இங்கே, “எந்த ஊரு? ஊருக்குள்ளயேவா?” என்று பேச்சு கொஞ்சம் சுற்றிக்கொண்டு போகும்.

என்னுடைய கேம்பஸ் இன்டர்வியூவில் ஹெச்.ஆர் ரவுண்டு மொத்தமே ஏழெட்டு நிமிடம்தான். “அப்பா என்ன பண்றாங்க?” என்று கேட்டார். “கவர்ன்மென்ட் பஸ்ல கண்டக்டர் சார்” என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “குட். ஹார்ட் ஒர்க்கிங் ஃபேமிலி. யூ வில் டூ வெல்” என்றார். நான்கு வருடம் படித்ததில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. சாயங்காலம் நோட்டீஸ் போர்டில் என் பெயர் இருந்தது. என்னைவிட நன்றாக ப்ரோகிராம் எழுதுகிற என் ரூம்மேட்டின் பெயர் இல்லை. அவன் எங்கே தவறினான் என்று இருவரும் ராத்திரி இரண்டு மணிவரை பேசினோம். நான் ஏன் தேறினேன் என்று இருவருமே பேசவில்லை.

புறநானூற்றின் 208ஆம் பாடலை நான் படித்தது இதற்கெல்லாம் வெகுநாள் கழித்து. பெருஞ்சித்திரனார் பாடியது. மலையெல்லாம் கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் கேட்டுப் போகிறார். மன்னன் அவரைச் சந்திக்கவில்லை. இதைக் கொண்டு போகட்டும் என்று பரிசை மட்டும் கொடுத்தனுப்புகிறான். புலவர் வாங்க மறுக்கிறார். என்னைப் பார்க்காமலே என்னைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும், நான் என்ன வியாபாரியா, என் திறம் அறிந்து கொடுத்தால் துளியளவு கொடுத்தாலும் போதும் என்பது பாட்டின் சாரம். இவர் வசதியானவர் இல்லை. குமணனிடம் பாடிய 159, 160ஆம் பாடல்களில் இவர் வீட்டுப் பட்டினி இருக்கிறது, படிக்கவே முடியாத அளவுக்கு. அப்படிப்பட்டவர் கைக்கு வந்ததை வேண்டாம் என்கிறார்.

நான் பெருஞ்சித்திரனார் இல்லை. ஆஃபர் லெட்டரை வாங்கிக்கொண்டேன். வீட்டுக் கடன் இருந்தது.

ஆனால் குலுக்கல் யோசனையில் எனக்கு இருந்த மயக்கம் இந்தப் பாட்டில்தான் தெளிந்தது. குலுக்கல் அவமானத்தை எடுத்துவிடுகிறது, உண்மைதான். தோற்றவரைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கூடவே இன்னொன்றையும் எடுத்துவிடுகிறது: ஒருவர் முன்னால் போய் நின்று, இதோ நான், இவ்வளவுதான் எனக்குத் தெரியும், பார்த்துச் சொல் என்று கேட்கும் உரிமையை. சாண்டல் யோசிப்பது ஜெயித்தவர்களின் கர்வத்தைப் பற்றி. இந்தப் புலவர் ஜெயித்தும் அவமானப்பட்டவர்.

திருக்குறளில் ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, 51ஆவது, தெரிந்துதெளிதல். பத்துக் குறளும் தேர்ந்தெடுக்கிறவனுக்குச் சொல்லப்பட்டவை: எப்படிச் சோதிப்பது, யாரை நம்பக்கூடாது, ஏமாந்தால் என்ன ஆகும். அதில் உள்ள பயம் முழுக்க அரசனின் பயம். எங்கள் ஹெச்.ஆர் பயிற்சி வகுப்புகளும் அதே பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. தவறான ஆளை எடுத்தால் கம்பெனிக்கு எவ்வளவு நஷ்டம் என்று ஸ்லைடு போடுவார்கள். வாசலுக்கு வெளியே நின்றவர் பக்கத்திலிருந்து பேசியது பெருஞ்சித்திரனார்.

இனி அந்த இன்னொரு ஜன்னல். அன்றைய நேர்காணல் முடிந்ததும் என் பழைய காலண்டரைத் தேடிப் பார்த்தேன். முதல் முறை அவரிடம் பேசிய அந்தச் செவ்வாய்க்கிழமை, இரவு எங்களுக்கு ரிலீஸ் இருந்திருக்கிறது. மதியத்திலிருந்து ஏதோ உடைந்து கிடந்திருக்கிறது. நேர்காணல் நடந்த அந்த 45 நிமிடத்துக்குள் நான் டீம் சாட்டில் பதினேழு மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். பதினேழு. எண்ணிப் பார்த்தேன். அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், நான் தலையை ஆட்டிக்கொண்டே வேறெங்கோ டைப் செய்துகொண்டிருந்திருக்கிறேன். எதிரே இருப்பவர் கவனிக்கவில்லை என்று தெரிந்தால் யாருக்கும் பேச்சு குழறும். “கம்யூனிகேஷன் ஆவரேஜ்.” ஒரு பதிலைச் சொல்லிவிட்டு என் எதிர்வினைக்காகக் காத்திருந்திருப்பார். “நாட் எ செல்ஃப் ஸ்டார்ட்டர்.”

அந்த வார்த்தைகளை நான் பொய்யாக எழுதவில்லை என்பதுதான் கொடுமை. அன்றைக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

இந்த இரண்டாவது முறை, பதிவை மூடிவிட்டு அவரைப் பார்த்தேன். ஆன்லைனில் பணம் பிடிக்கும் சேவை ஒன்றைப் பற்றிய கேள்வி. நெட்வொர்க் தடங்கலில் ஒரே கோரிக்கை இரண்டு தடவை வந்தால் வாடிக்கையாளரிடம் இரண்டு தடவை பணம் பிடிக்கக்கூடாது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அந்த எண் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போகலாம் என்றார். நல்ல தொடக்கம். இரண்டும் ஒரே நொடியில் வந்து, இரண்டுமே “இன்னும் பதிவாகவில்லை” என்று பார்த்துவிட்டால்? யோசித்தார். ஒரு க்ளூ கொடுத்தேன். இன்னொன்றும் கொடுத்தேன். “தெரியல சார்” என்றார், சுற்றி வளைக்காமல். பிறகு இப்போதைய வேலையைப் பற்றிக் கேட்டேன். தினமும் கையால் சரிபார்த்துக்கொண்டிருந்த ரிப்போர்ட்டுக்கு யாரும் கேட்காமலே ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறார். இப்போது அதை மூன்று டீம்கள் பயன்படுத்துகின்றன. சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தது. செல்ஃப் ஸ்டார்ட்டர் இல்லாதவர்.

இங்கே நான் அவரை எடுத்துக்கொண்டேன் என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். முடியாது. காலியாக இருந்தது பணப் பரிமாற்ற டீமில் ஓர் இடம். அந்த ஒரே நொடிச் சிக்கல்தான் அங்கே தினப்படி வேலை, சொல்லிக் கொடுக்க அங்கே ஆளில்லை. இரண்டு வாரத்தில் அவர் கற்றுக்கொண்டுவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. பேனலில் மற்ற இருவருக்கும் அப்படித் தோன்றவில்லை, என் தோன்றலுக்கு என்ன மதிப்பு என்று எனக்கே சந்தேகம் வந்திருந்த சமயம் அது. நோ ஹயர் என்றே போட்டேன். ஆனால் இந்தத் தடவை பதினான்கு வரி எழுதினேன்: அவர் சொன்னது என்ன, எந்த இடத்தில் நின்றார், எது நன்றாக இருந்தது. அவரைப் பற்றி எதுவும் எழுதாமல், அவர் செய்ததை மட்டும். வேறு டீமுக்குப் பரிசீலிக்கலாம் என்றும் சேர்த்தேன். ரெக்ரூட்டரிடமிருந்து அவருக்குப் போனது வழக்கமான நான்கு வரி மெயில். அதில் என் பதினான்கு வரியில் ஒன்றுகூட இல்லை.

முடிவு இரண்டு முறையும் ஒன்றுதான். கம்பெனியின் கணக்கில் இரண்டு ‘இல்லை’க்கும் வித்தியாசம் கிடையாது. அவருக்குக்கூட, மாதச் சம்பளம் என்று பார்த்தால், வித்தியாசம் கிடையாது. ஆனால் இரண்டாவதற்குக் காரணம் கேட்டால் என்னால் சொல்ல முடியும், அது அவருடைய காரணம். முதலாவதற்குக் காரணம் கேட்டால் எங்கள் ரிலீஸைத்தான் சொல்லமுடியும்.

ரெஸ்யூமேயில் அவர் எண் இருந்தது. அதற்குக் கூப்பிடுவது விதிமீறல். வேலைக்காகக் கொடுத்த எண்ணைச் சொந்த மன உறுத்தலுக்குப் பயன்படுத்துவது சரியா என்பது தனிக் கேள்வி, அதற்கு எனக்கு இன்னும் பதிலில்லை. ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டேன். அந்த ஒரே நொடிச் சிக்கலை விளக்கினேன். டேட்டாபேஸையே காவல் வைக்கவேண்டும், பார்த்துவிட்டுப் பதிவு செய்வதற்குப் பதில் பதிவு செய்துவிட்டுப் பார்க்கவேண்டும் என்றேன். “இருங்க சார், எழுதிக்கிறேன்” என்றார். இருபது நிமிடம் பேசியிருப்போம். வைக்கப்போகும் நேரத்தில் கேட்டார்:

“அப்ப அந்த முதல் தடவை சார்?”

“அன்னைக்கு உங்க மேல தப்பு இல்லை. நான் வேற வேலை பார்த்துட்டிருந்தேன். உங்களைச் சரியா கவனிக்கவே இல்லை.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

“தெரியும் சார். கீபோர்டு சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. நான் பேசுறதைத்தான் நோட்ஸ் எடுக்கிறீங்கன்னு நெனச்சேன். அப்புறமா யோசிச்சப்பதான்...” முடிக்கவில்லை. “ஆறு மாசம் கழிச்சு திரும்ப அப்ளை பண்ணலாம்ல சார்? கூலிங் பீரியட் ஆறு மாசம்தானே?”

“ஒரு வருஷம் ஆக்கிட்டாங்க” என்றேன்.

“சரி சார். மார்ச்சுக்கு அப்புறம்னா ஒரு வருஷம் ஆயிடும். பண்றேன்.”